நிறுத்த முடியவில்லையா, நிறுத்த மனமில்லையா?

உங்கள் அண்ணன் பதினோரு ஆண்டுகளாகக் குடிக்கிறார். மூன்று முறை நிறுத்தினார். கடைசி முறை நான்கு மாதம் ஒரு சொட்டும் தொடாமல் இருந்துவிட்டு, ஒரு மாலை மறுபடி குடித்துவிட்டு வந்து நின்றார். இப்போது தினமும் குடிக்கிறார். இது மூளை சம்பந்தப்பட்ட நோய் என்று மருத்துவர் சொன்னதும், அப்படியானால் ஸ்கேன் எடுத்தால் தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவருடன் வேலை பார்க்கும் ஒருவர் அலைபேசியில் சூதாடியே சேமிப்பை முழுக்க இழந்தார், அவர் உடலுக்குள் எந்தப் போதைப்பொருளும் போகவில்லையே, அதுவும் மூளை நோய்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. அண்ணனுக்கு நிறுத்த முடியவில்லையா, நிறுத்த மனமில்லையா? மனமில்லை என்றால் உங்கள் கோபம் நியாயமானது. முடியவில்லை என்றால் கோபப்பட்டதற்காக நீங்கள் உங்களையே நொந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல்தான் எழுதியிருக்கிறீர்கள்.

நான் மனநல மருத்துவர். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் போதை மீட்புப் பிரிவில் வேலை செய்கிறேன். ஆய்வுக்கூடத்தில் எலிகளை வைத்துச் சோதனை செய்தவன் இல்லை. அந்த ஆய்வுகளைப் படித்து, எதிரில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு அவை எந்த அளவுக்குப் பொருந்துகின்றன என்று பார்ப்பவன். உங்கள் அண்ணனை நான் பார்த்ததில்லை. அவருக்குப் பதற்ற நோயோ மனச்சோர்வோ சேர்ந்து இருக்கிறதா, கல்லீரல் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் நேரில் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். ஆகவே இது பொதுவான விளக்கம். அவருக்கான சிகிச்சைக் குறிப்பு இல்லை.

உறுதியாகத் தெரிந்தவற்றிலிருந்து தொடங்குகிறேன். 1954-இல் மான்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியைச் செருகி மின்தூண்டல் கொடுத்துப் பார்த்தார்கள். கூண்டில் ஒரு நெம்புகோல். அதை அழுத்தினால் மூளைக்கு ஒரு சிறு மின்துடிப்பு போகும். கம்பி சில குறிப்பிட்ட இடங்களில் இருந்தபோது எலிகள் அந்த நெம்புகோலை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தன. பரிசு என்று உணவு எதையும் கொடுக்கவில்லை. மூளைக்குள் சில பாதைகளைத் தூண்டினால் அதுவே ‘இன்னொரு முறை’ என்று கேட்க வைக்கும் என்பது அன்று தெரிந்தது. அந்தப் பாதைகளில் முக்கியமான ஒன்று டோபமைன் என்ற வேதிப்பொருளால் இயங்குகிறது என்பது பின்னர் தெளிவானது. மது, ஹெராயின், நிகோடின், கோகெய்ன் ஆகிய நான்கும் வெவ்வேறு வாசல் வழியாக நுழைந்தாலும் கடைசியில் அந்தப் பாதையில்தான் டோபமைனை உயர்த்துகின்றன.

இங்கே ஒரு தவறான கருத்தைக் களைய வேண்டும். டோபமைன் ‘மகிழ்ச்சி தரும் ரசாயனம்’ என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்கள். அது பழைய கருத்து. 1990-களில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் குரங்குகளின் டோபமைன் நரம்பணுக்களைப் பதிவு செய்தார். குரங்குக்கு எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அந்த அணுக்கள் துள்ளின. பழச்சாற்றுக்கு முன்பு ஒவ்வொரு முறையும் ஒரு விளக்கு எரியும்படி செய்ததும், சில நாட்களில் துள்ளல் விளக்குக்கு மாறிவிட்டது. பழச்சாறு வரும்போது எதுவும் இல்லை. விளக்கு எரிந்தும் பழச்சாறு வராவிட்டால், வந்திருக்க வேண்டிய அந்தக் கணத்தில் அணுக்கள் வழக்கத்தை விடவும் அடங்கிப்போயின. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டு, அடுத்த முறை எதன் பின்னால் போக வேண்டும் என்று கற்பிக்கும் வேலையை அவை செய்கின்றன. இயல்பான பரிசுகளில், எதிர்பார்த்தது அப்படியே கிடைத்துவிட்டால் பாடம் முடிந்துவிடும். போதைப்பொருள் வேதியியல் வழியாகவே டோபமைனை ஏற்றிவிடுவதால், ஒவ்வொரு முறையும் ‘நினைத்ததைவிட நன்றாக இருந்தது’ என்ற பொய்ச் செய்தியே பதிவாகிறது என்பது இதிலிருந்து பிறந்த விளக்கம். அது ஓரளவே சரி என்றாலும் இன்றுவரை பயனுள்ளது.

இதைவிட என் நோயாளிகளைப் புரிந்துகொள்ள உதவியது மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ், டெரி ராபின்சன் ஆகியோரின் வேலை. தமிழில் அதைச் சொல்வது எளிது, ஏனென்றால் நம்மிடம் இரண்டு தனிச் சொற்கள் இருக்கின்றன: ‘பிடிக்கும்’, ‘வேண்டும்’. டோபமைனை ஏறக்குறைய முழுவதும் இழந்த எலிகள் தாமாகப் போய் உண்ணவில்லை. உணவு பக்கத்தில் இருந்தும் பட்டினி கிடந்தன. ஆனால் நாக்கில் சர்க்கரைக் கரைசலை விட்டபோது மற்ற எலிகளைப் போலவே நக்கிச் சுவைத்தன. பிடிப்பது அப்படியே இருந்தது, வேண்டுவது மட்டும் போய்விட்டது. போதைக்கு அடிமையானவரிடம் இதற்கு நேர்மாறாக நடக்கிறது என்று 1993-இல் இருவரும் எழுதினார்கள். ஆண்டுகள் போகப் போகப் பிடிப்பது தேய்கிறது, வேண்டுவது பெருகுகிறது. ‘வாயில் வைத்தாலே குமட்டுகிறது டாக்டர், ஆனாலும் கால் அங்கேதான் போகிறது’ என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கேட்கிற குடும்பத்தார் இதை நடிப்பு என்று நினைப்பார்கள். நான் நடிப்பு என்று நினைப்பதில்லை.

வேண்டுவதைத் தூண்டுவது பெரும்பாலும் மது இல்லை, மதுவைச் சுற்றியிருந்தவை. ஒரு தெருமுனை, ஒரு நண்பரின் குரல், சம்பளம் வந்ததற்கான குறுஞ்செய்தி, மாலை ஆறரை மணி. அந்த விளக்கைப் போல இவையும் பழகிப்போயிருக்கின்றன. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அன்னா ரோஸ் சில்ட்ரெஸ் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வில், கோகெய்ன் பழக்கமுள்ளவர்களுக்கு அது சார்ந்த படங்களை 33 மில்லி விநாடி மட்டும் காட்டினார்கள். படம் பார்த்ததாகவே அவர்களுக்குத் தெரியாது. அப்படியும் ஆசையோடு தொடர்புடைய மூளைப் பகுதிகள் விழித்துக்கொண்டன. உங்கள் அண்ணனிடம் ‘நான்கு மாதம் இருந்துவிட்டு ஏன் குடித்தாய்’ என்று கேட்டபோது அவர் ‘தெரியவில்லை’ என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது மழுப்பலாக இருக்கலாம். உண்மையாகவே அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம் என்று மட்டும் சொல்கிறேன். குடிக்காமல் இருக்கும் காலத்தில் இந்தப் பதிவுகள் அழிவதில்லை. அவற்றின் மேல் புதிய பழக்கம் படிகிறது. களைப்பு, பசி, சண்டை, தூக்கமின்மை ஆகியவை அந்தப் படிவை மெலிதாக்கிவிடும்.

இதுவரை சொன்னது முன்னாலிருந்து இழுக்கும் விசை. பின்னாலிருந்து தள்ளும் விசை ஒன்றும் உண்டு. மதுவில் அது மிக வலுவானது. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை மது கூட்டுகிறது, கிளர்ச்சியூட்டும் குளுட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. தினமும் இப்படி நடந்தால் மூளை சும்மா இருக்காது. அமைதியைக் குறைத்து, கிளர்ச்சியைக் கூட்டி, சமன் செய்துகொள்ளும். அந்த நிலையில் மதுவைத் திடீரென்று எடுத்துவிட்டால் கிளர்ச்சி மட்டும் மிஞ்சும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் அதிலிருந்து வருபவை. நிறுத்திய முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம்; இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், இல்லாதவற்றைக் காண்பதும் ஆளே தெரியாமல் குழம்புவதுமான நிலை வரலாம். அதில் உயிர் போகும் ஆபத்து உண்டு. உடல் அடங்கிய பிறகும் மனம் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், கசப்பாகவே இருக்கும். சாதாரண மகிழ்ச்சிகள் எட்டாது, சின்ன எரிச்சலும் தாங்காது. ஜார்ஜ் கூப் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகளாக இந்தப் பக்கத்தைத்தான் வலியுறுத்தி வருகிறார்: நாட்பட்ட குடியில் மனிதர் இன்பத்துக்காகக் குடிப்பதைவிட, இந்தத் துன்பத்திலிருந்து சற்று நேரம் விலகுவதற்காகக் குடிக்கிறார். நான் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு இது பொருந்துகிறது. குடியை நிறுத்திய இரண்டாவது மாதத்தில் ‘இவர் குடித்தபோதே நன்றாக இருந்தார், இப்போது எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார்’ என்று மனைவியோ தாயோ வந்து சொல்வது எங்கள் பிரிவில் வழக்கமான காட்சி. அது குணக்கேடு இல்லை, ஆறாத மூளை என்று விளக்கிச் சொல்வதற்கே பாதி நேரம் போகும்.

இழுப்பையும் தள்ளலையும் எதிர்த்து நிற்க வேண்டியது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை. நாளையை நினைத்து இன்றைக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லும் திறன் அங்கே இருக்கிறது. நீண்டகாலக் குடியில் அந்தப் பகுதி மெலிகிறது என்பதற்குச் சான்றுகள் நிறைய. இளம் வயதில் தொடங்குபவர்களுக்கு ஆபத்து கூடுவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம், ஏனென்றால் முன்மூளை முதிர்ந்து முடிய இருபதுகளின் நடுப்பகுதி ஆகிறது. மரபும் இதில் பங்கெடுக்கிறது. இரட்டையரை ஆராய்ந்தவர்கள் மதுச்சார்பு வரும் வாய்ப்பில் ஏறத்தாழ பாதி மரபைச் சார்ந்தது என்கிறார்கள். ‘குடிகார மரபணு’ என்று ஒன்று கிடையாது. சிறு சிறு பங்கு வகிக்கும் மரபணுக்கள் ஏராளம். தாத்தா குடித்தார் என்பதால் பேரன் குடித்தே தீர வேண்டும் என்பதில்லை.

சூதாட்டத்துக்கு வருகிறேன். உடலுக்குள் எதுவும் போகாமலே இந்தப் பாதை கெடக்கூடும் என்பதற்கு மிக வலுவான சான்று, யாரும் தேடாத இடத்திலிருந்து கிடைத்தது. நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயில் டோபமைன் குறைகிறது. அதற்காக டோபமைனைப் போலச் செயல்படும் மாத்திரைகள் கொடுக்கப்படுகின்றன. அதுவரை சீட்டுக்கட்டைக்கூடத் தொடாத சிலர், அந்த மாத்திரைகளைத் தொடங்கிய பின் கட்டுக்கடங்காமல் சூதாடத் தொடங்கினார்கள். மருந்தைக் குறைத்ததும் பலருக்கு அது அடங்கியது. 2010-இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில் 3,090 பார்க்கின்சன் நோயாளிகளைப் பார்த்தபோது, கட்டுப்படாத சூதாட்டம், வாங்கிக் குவித்தல், மிகையாக உண்ணுதல், மிகையான பாலுணர்வு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று 13.6 சதவீதம் பேரிடம் இருந்தது. அந்த வகை மாத்திரை எடுத்தவர்களில் 17.1 சதவீதம், எடுக்காதவர்களில் 6.9 சதவீதம். இதைப் படித்த நாளிலிருந்து ‘சூதாடுகிறவனுக்குப் பேராசை’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆட்டத்தின் அமைப்பும் இதே பாதைக்கு ஏற்றபடிதான் இருக்கிறது. எப்போது வெல்வோம் என்று தெரியாது. ஆகவே எதிர்பார்ப்புக் கணக்கு ஒருபோதும் முடிவதில்லை. லூக் கிளார்க் குழுவினர் 2009-இல் மயிரிழையில் தவறும் தோல்வியை ஆராய்ந்தார்கள். சூதாட்ட இயந்திரத்தில் மூன்று படங்களில் இரண்டு பொருந்தி மூன்றாவது ஒரு கட்டம் தள்ளி நிற்குமே, அதுதான். வெறும் தோல்வியைவிட அது கசப்பாக இருந்தது என்றே ஆடியவர்கள் சொன்னார்கள். ஆனாலும் இன்னும் ஆட வேண்டும் என்ற ஆசை அதில் கூடியது. வெற்றிக்கு எழும் மூளைப் பகுதிகளில் சில அதற்கும் எழுந்தன. பிடிக்கவில்லை, ஆனால் வேண்டும்: மறுபடி அதே இரண்டு சொற்கள். இப்படிச் சேர்ந்த சான்றுகளால்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் தன் வகைப்பாட்டைத் திருத்தியபோது சூதாட்ட நோயைப் போதைப் பழக்கங்களின் பிரிவிலேயே சேர்த்தது. வீடியோ விளையாட்டு நோயை உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் ஏற்றிருக்கிறது. 2022-இல் அது நடைமுறைக்கு வந்தது. இனிப்பு, அலைபேசி, கடைக்குப் போவது என்று மற்றவற்றையெல்லாம் இதே பெயரால் அழைக்கும் அளவுக்குச் சான்று சேரவில்லை.

இனி ஐயத்துக்குரியவை. முதலில் ஸ்கேன். எடுக்க வேண்டாம், எடுத்தாலும் உங்கள் கேள்விக்குப் பதில் அதில் இருக்காது. தலையில் அடிபட்டிருந்தாலோ வலிப்பு, குழப்பம் போன்றவை இருந்தாலோ ஸ்கேன் தேவைப்படும். அது வேறு காரணம். ஆய்வுக் கட்டுரைகளில் சிவப்பும் மஞ்சளுமாக மின்னும் அந்தப் படங்கள் பலருடைய மூளையின் சராசரியைக் காட்டுபவை. ஐம்பது குடிநோயாளிகளின் சராசரியும் ஐம்பது பேர் குடிக்காதவர்களின் சராசரியும் வேறுபடும். ஆனால் இரண்டு கூட்டத்திலும் ஒன்றின் மேல் ஒன்று படியும் பகுதி பெரியது. ஒரே ஒருவரின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ‘இவர் அடிமை’ என்றோ ‘இவர் மீண்டும் குடிப்பார்’ என்றோ சொல்லும் சோதனை இன்று உலகில் எங்கும் மருத்துவப் பயன்பாட்டில் இல்லை. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவர் யாராயினும் விலகி வந்துவிடுங்கள்.

இரண்டாவது ஐயம், எது முந்தியது என்பது. நோரா வோல்கோவ் போன்ற ஆய்வாளர்கள், அடிமையானவர்களின் மூளையில் டி2 என்ற வகை டோபமைன் ஏற்பிகள், அதாவது நரம்பணுக்களில் டோபமைனை வாங்கிக்கொள்ளும் இடங்கள், குறைவாக இருப்பதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். போதை அவற்றைக் குறைத்ததா, அல்லது பிறவியிலேயே குறைவாக இருந்தவர்கள் போதையில் சிக்கினார்களா? இரண்டும் இருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. 2002-இல் வெளியான ஒரு குரங்கு ஆய்வு இதில் என்னை மிகவும் பாதித்தது. தனித்தனியாக இருந்த குரங்குகளைக் குழுவாகச் சேர்த்து வைத்தபோது, மேல்நிலைக்கு வந்த குரங்குகளிடம் இந்த ஏற்பிகள் கூடின, அடக்கப்பட்டவற்றிடம் கூடவில்லை. பிறகு கோகெய்ன் கிடைக்கச் செய்தபோது மேல்நிலைக் குரங்குகள் அதைக் குறைவாகவே நாடின. எந்த இடத்தில் எப்படி வாழ்கிறோம் என்பதும் மூளைக்குள் போய் வேதியியலாகிறது என்றால், ‘இது மூளையா, சூழலா’ என்று கேட்பதிலேயே பொருள் குறைந்துவிடுகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சூதாட்ட நோயாளிகளிடம் இதே ஏற்பிக் குறைவைத் தேடியவர்களுக்கு அது தெளிவாகக் கிடைக்கவில்லை. மதுவும் சூதும் ஒன்றேதான் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாததற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவதாக, ‘மூளை நோய்’ என்ற பெயரே. 1997-இல் ஆலன் லெஷ்னர், அன்று அமெரிக்கத் தேசியப் போதை ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர், அடிமைத்தனம் ஒரு மூளை நோய் என்று வாதிட்டு எழுதிய கட்டுரை பெரிய திருப்பம். குற்றவாளியாகப் பார்க்கப்பட்டவர் நோயாளியாகப் பார்க்கப்பட அது உதவியது. அதற்கு எதிரான சான்றுகளையும் மறைக்கக் கூடாது. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். 1971-இல் நாடு திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் தொடர்ந்து பார்த்தார். அங்கே அடிமையாகியிருந்தவர்களில், திரும்பி வந்த முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் 5 சதவீதம் அளவே. மூளை அதேதான், சுற்றியிருந்த எல்லாமே மாறியிருந்தன. கனடாவின் புரூஸ் அலெக்சாண்டர் 1970-களின் இறுதியில், தனிக்கூண்டு எலிகளைவிட இடமும் துணையும் உள்ள எலிகள் மார்பின் கலந்த நீரைக் குறைவாகக் குடித்தன என்று காட்டினார். இணையத்தில் இந்த ஆய்வை வேதவாக்காகச் சொல்கிறார்கள். ஆனால் பின்னர் அதைத் திரும்பச் செய்தவர்களில் எல்லாருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. அதைவிட உறுதியானது பிரான்சின் செர்ஜ் அஹ்மத் குழு 2007-இல் செய்தது. கோகெய்னா, இனிப்பு நீரா என்று தேர்ந்தெடுக்க வாய்ப்புக் கொடுத்தபோது 94 சதவீத எலிகள் இனிப்பு நீரையே தேர்ந்தெடுத்தன. அமெரிக்காவில் 2001–2002-இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், வாழ்நாளில் எப்போதோ மதுச்சார்பு இருந்தவர்களில் கடந்த ஓராண்டிலும் அது முழுமையாக நீடித்தவர்கள் கால் பங்கினர்தான். சிகிச்சைக்கென்று எங்காவது போனவர்களும் கால் பங்கினர்தான். என்னைப் போன்றவர்கள் மருத்துவமனையில் மிகக் கடினமான நிலையில் உள்ளவர்களையே பார்ப்பதால், ‘இவர்கள் மாறவே மாட்டார்கள்’ என்று எங்களுக்குத் தோன்றிவிடுகிறது.

ஆகவே உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில் இது. தேர்ந்தெடுக்கும் திறன் உங்கள் அண்ணனிடம் அழிந்துவிடவில்லை. ஆனால் அது நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. காலையில் மனைவியின் முன்னால் ‘இனிமேல் தொடமாட்டேன்’ என்று அவர் சொல்லும்போது அது பொய் இல்லை; அந்த நேரத்தில் முன்மூளை தெளிவாக இருக்கிறது, தூண்டுதல் எதுவும் எதிரில் இல்லை. மாலையில் அந்தத் தெருமுனையில் நிற்பவருக்கு அதே திறன் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம் இருக்கும். பத்தில் ஒன்று என்பது நான் பேச்சுக்குச் சொல்வது, அளந்தது இல்லை. முடியவில்லை என்பதும் மனமில்லை என்பதும் ஒரே மனிதரிடம் வெவ்வேறு மணி நேரங்களில் இருக்கின்றன. இதிலிருந்து எனக்குக் கிடைக்கும் நடைமுறைப் பாடம்: தெளிந்த நேரத்தில் இருக்கும் அவரிடம்தான் பேச வேண்டும், அந்த நேரத்தில்தான் மாலைக்கான ஏற்பாடுகளைச் செய்துவிட வேண்டும். சம்பளம் நேரே மனைவியின் கணக்குக்குப் போவது, வேறு வழியாக வீடு திரும்புவது, ஆறரை மணிக்கு யாராவது கூட இருப்பது, பசியோடு அந்த நேரத்தைக் கடக்காமல் இருப்பது. சின்ன விஷயங்கள்தான். ஆனால் அந்தக் கணத்தில் எழும் மன உறுதியை மட்டும் நம்பியிருப்பதைவிட இவை உறுதியானவை.

மருந்துகள் உண்டு, பலருக்கு அவை இருப்பதே தெரியாமல் போவது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. நால்ட்ரெக்சோன் என்ற மாத்திரை மது தரும் நிறைவை மழுங்கச் செய்கிறது. அமெரிக்காவில் 1994-இல் குடிநோய்க்கு ஒப்புதல் பெற்றது. சூதாட்ட நோயிலும் சில ஆய்வுகளில் பயன் தந்திருக்கிறது. அகாம்ப்ரோசேட், நிறுத்தியவரின் குலைந்த சமநிலையை நிலைப்படுத்த உதவுகிறது. எவ்வளவு பயன்? 2023-இல் 118 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அகாம்ப்ரோசேட்டைப் பதினொருவருக்குக் கொடுத்தால், மருந்து இல்லாவிட்டால் மீண்டும் குடித்திருக்கக்கூடிய ஒருவர் கூடுதலாகத் தப்புகிறார். நால்ட்ரெக்சோன் மிதமிஞ்சிய குடிக்குத் திரும்புவதை ஏறத்தாழ அதே அளவில் தடுக்கிறது. அற்புதம் என்று சொல்ல முடியாது; அதே சமயம் மருத்துவத்தில் நாம் தயங்காமல் பயன்படுத்தும் பல மருந்துகளின் பயனும் இதே அளவுதான். நால்ட்ரெக்சோனுக்குக் கல்லீரலையும் அகாம்ப்ரோசேட்டுக்குச் சிறுநீரகத்தையும் பார்த்துத்தான் கொடுப்பார்கள். டைசல்ஃபிரம் என்ற பழைய மருந்து வேறு வகை: அதை எடுத்தவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். தெரிந்து, சம்மதித்து எடுப்பவருக்கு அது ஒரு வேலியாக உதவும். தெரியாமல் உணவில் கலந்து கொடுப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அப்படிக் கொடுக்கப்பட்டு, ரத்த அழுத்தம் சரிந்து தூக்கி வரப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். எடைக் குறைப்புக்கான செமாக்ளுடைட் ஊசி பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். 2025-இல் வந்த ஆய்வில் குடிக்கும் அளவும் ஆசையும் குறைந்தன. ஆனால் அதில் இருந்தவர்கள் 48 பேர், காலம் ஒன்பது வாரம். நம்பிக்கை தருகிறது, ஆனாலும் இன்றைக்கு அதைக் கேட்டுப் பெறும் நிலை வரவில்லை.

மூளை மீளுமா என்றால், கணிசமாக மீளும். மதுவை நிறுத்திய முதல் சில வாரங்களிலேயே மெலிந்த பகுதிகள் ஓரளவு பருக்கத் தொடங்குகின்றன. மாதக்கணக்கில் அது தொடர்கிறது. மெத்தாம்ஃபெட்டமைன் என்ற போதைப்பொருளை விட்டவர்களிடம் 12 முதல் 17 மாதங்களுக்குப் பின் டோபமைன் சார்ந்த ஒரு முக்கிய அளவு கூடியிருந்ததை வோல்கோவ் குழு 2001-இல் காட்டியது. அந்தப் படங்களை நீங்களும் இணையத்தில் பார்த்திருப்பீர்கள். ஆனால் ஆராயப்பட்டவர்கள் ஐந்தே பேர். அவர்களின் நினைவாற்றல், கைத்திறன் சோதனைகள் அதே அளவு முன்னேறவும் இல்லை. படம் சீராவதும் மனிதர் சீராவதும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. உங்கள் அண்ணனின் அந்த நான்கு மாதமும் வீண் போகவில்லை. அவ்வளவு நாள் தாக்குப்பிடித்தவருக்கு எது உதவியது, அந்த ஒரு மாலையில் எது வேறாக இருந்தது என்பதை அவர் தெளிந்திருக்கும்போது உட்கார்ந்து கேளுங்கள். எந்த வழியாக வந்தார், யாரைப் பார்த்தார், சாப்பிட்டிருந்தாரா, முந்தைய இரவு தூங்கினாரா. அதைக் குறித்து வைத்து மருத்துவரிடம் கொடுங்கள்.

கோபம் பற்றிக் கேட்டீர்கள். உங்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும். நீங்கள் பதினோரு ஆண்டுகளாக அவருடன் சேர்ந்து அனுபவித்தவர். நோய் என்று சொல்வதால் அவர் உடைத்த பொருளும் திட்டிய சொல்லும் இல்லாமல் போய்விடாது. பணம் கொடுக்க மாட்டேன், குடித்துவிட்டு வந்தால் பேச மாட்டேன் என்று எல்லை வகுப்பதும் கொடுமை ஆகாது. அவர் போதையில் இருக்கும்போது அந்தக் கோபத்தைக் காட்டுவதால் பயனில்லை என்பது மட்டும்தான் நான் சொல்லக்கூடியது. கடைசியாக அவசரமான ஒன்று. அவர் இப்போது தினமும் குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வற்புறுத்தலால் நாளைக் காலையே அவர் ஒரேயடியாக நிறுத்த முன்வந்தால், மகிழ்ச்சியில் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். முன்பு நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்ததா என்பதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள். முதல் நான்கைந்து நாட்களுக்கு நடுக்கத்தை அடக்கும் மருந்தும் தயமின் என்ற பி1 வைட்டமினும் மருத்துவக் கண்காணிப்பில் கொடுக்கப்பட வேண்டும். வலிப்பு வந்தாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் பேசினாலோ, கண் பார்வை இரண்டாகத் தெரிவதாகவோ நடை தள்ளாடுவதாகவோ இருந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவே அவசரச் சிகிச்சைக்கு அழைத்துப் போய்விடுங்கள்.